கொத்தமல்லி ஏன் முளைக்கவில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி பிறந்துவிட்டது. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று மாடிக்குத் தொட்டி ஏற்றுகிற மாதம் என்பதால், இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வாசனை இலைகளும் மூலிகைகளும் பற்றியவைதான். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மளிகைக் கடைத் தனியாவைத்தான் விதைக்கிறேன். ஒரு தடவை நன்றாக வருகிறது, அடுத்த தடவை ஒன்றுமே முளைப்பதில்லை. முளைத்தாலும் நாலு இலை விட்டு உடனே பூத்துவிடுகிறது. மண்ணில் கோளாறா?
வாசகி, அம்பத்தூர்

பதில்: மண்ணைத் திட்டாதீர்கள், விதையையும் வெயிலையும் பாருங்கள். நாம் தனியா என்று சொல்லும் அந்த உருண்டைக்குள் இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அதை அப்படியே போட்டால் தண்ணீர் உள்ளே இறங்கவே நாளாகும். ஒரு துணியில் பரப்பி அதன்மேல் சப்பாத்திக் கட்டையை லேசாக உருட்டுங்கள், ‘டக்’கென்று இரண்டாகப் பிளந்தால் போதும், பொடியாகிவிடக் கூடாது. அப்புறம் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி மூடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு நாளில் முளை தெரியும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். பலர் ஒரு வாரத்திலேயே பொறுமை இழந்து மண்ணைக் கிளறிவிடுகிறார்கள், முளைவிட்டுக்கொண்டிருந்த விதையும் அதோடு போய்விடுகிறது.

மளிகைக் கடைத் தனியாவில் ஒரு சிக்கல், அது எந்த வருஷத்து அறுவடை என்று யாருக்கும் தெரியாது. சமையலுக்கு மணம் இருந்தால் போதும், முளைப்பதற்கு உயிர் இருக்க வேண்டுமே. ஒரு தடவை வந்து அடுத்த தடவை வராமல் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 4 போன்ற ரகங்களை விதைக் கடையில் கேட்டு வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

உடனே பூப்பதற்குக் காரணம் சூடு. கொத்தமல்லி குளிர் விரும்புகிற செடி, வேர் காய்ந்தாலோ வெயில் சுட்டாலோ இலையை விட்டுவிட்டு விதை போட அவசரப்படும். ஐப்பசி, கார்த்திகை மழை கொஞ்சம் தணிந்ததிலிருந்து மாசி வரை சென்னையில் அதற்குச் சொர்க்கம். இப்போது விதைப்பதென்றால் பச்சை நிழல் வலைக்கு அடியிலோ, காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குப் பக்கச் சுவர் ஓரத்திலோ வையுங்கள். ஆணிவேர் இறங்கும் என்பதால் தொட்டிக்கு எட்டு அங்குலமாவது ஆழம் வேண்டும், ஓர் இடத்தில் நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் வேலையும் வேண்டாம், அதற்கு அது பிடிக்காது. எப்படி வளர்த்தாலும் நாற்பது, நாற்பத்தைந்து நாளில் அதன் கதை முடிந்துவிடும், அதனால் ஒரே நாளில் எல்லாத் தொட்டியிலும் விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி என்று மாற்றி மாற்றி விதையுங்கள். வீட்டில் எப்போதும் ரசத்துக்கு இலை இருக்கும்.

கேள்வி: கடையில் வாங்கிய புதினாத் தண்டை நட்டேன், வளர்ந்தது. ஆனால் இலையெல்லாம் குட்டி குட்டியாக, தண்டு மட்டும் நெடுநெடுவென்று போகிறது.
வாசகர், மதுரை

பதில்: பறிக்காமல் விட்டிருப்பீர்கள். புதினாவைப் பாவம் பார்த்து ஒவ்வொரு இலையாகக் கிள்ளக் கூடாது, கத்திரிக்கோலை எடுத்து மண்ணிலிருந்து இரண்டு கணு விட்டு மொத்தமாக வெட்டுங்கள். வெட்டிய கணுவிலிருந்து இரண்டு கிளை வரும், இலையும் பெரிதாக வரும். வெட்டியதை ஒரு நாள் துவையல், ஒரு நாள் பிரியாணி என்று தீர்த்துவிடலாம். இன்னொன்று, புதினா கிழங்கு போட்டு இறங்குகிற செடி அல்ல, மண்ணுக்கு மேலாகவும் கொஞ்சம் கீழாகவும் ஓடி ஓடிப் பரவுகிற செடி, அதனால் அதற்கு ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம். பழைய பிளாஸ்டிக் அன்னக்கூடை, உடைந்த டப் எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வேர் பின்னிக்கொண்டு தொட்டி முழுக்க அடைத்துவிட்டால் பிடுங்கிப் பிரித்து, இளம் தண்டுகளைப் புது மண்ணில் நட்டுவிட வேண்டும். மதுரை வெயிலுக்கு அரை நிழல் கட்டாயம்.

கேள்வி: கறிவேப்பிலைச் செடி தொட்டியில் வைத்து ரொம்ப நாளாகிறது, ஒரே குச்சியாக நிற்கிறது. கொழுந்து வந்தால் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு இருக்கிறது, இரண்டு நாளில் இலையே இல்லை! மோர் ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா?
வாசகி, சேலம்

பதில்: அந்த ‘எச்சம்’ ஒரு புழு. அடுத்த தடவை கிட்டப் போய்ப் பாருங்கள், கறுப்பும் பழுப்புமாக நடுவில் வெள்ளைத் திட்டோடு, அசையாமல் இலையின் நடுவே உட்கார்ந்திருக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி என்று நாம் பார்க்கிற அந்தக் கறுப்பு மஞ்சள் பூச்சியின் குட்டிப் பருவம் அது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டிலும் முட்டை வைக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் தோல் உரித்துப் பச்சையாகிவிடும், அப்போது கண்ணுக்கே தெரியாது, அந்தக் கடைசி நாட்களில்தான் ஒரு கிளையையே மொட்டையடிக்கும். குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி ஒரு நெடியும் விடும், பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுச் செடிக்கு இதற்காக மருந்தே தேவையில்லை. காலையில் காபியோடு போய்க் கொழுந்தைப் புரட்டிப் பார்த்து, இருப்பதை எடுத்து விடுங்கள். பக்கத்தில் காட்டு எலுமிச்சையோ வில்வமோ இருந்தால் அதில் கொண்டுபோய் விட்டாலும் நல்லது, வண்ணத்துப்பூச்சியும் பிழைத்துப்போகட்டும்.

ஒரே குச்சியாக நிற்பதற்கு வருகிறேன். நம் வீடுகளில் கறிவேப்பிலையை உருவுகிறோம், ஈர்க்கை விட்டுவிட்டு இலையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், நுனியை யாரும் தொடுவதில்லை. அது மேலே மேலே போய்க்கொண்டே இருக்கிறது. இடுப்பு உயரம் வந்ததும் நுனியைத் துணிச்சலாக வெட்டிவிடுங்கள். நல்ல மழைக்குப் பிறகோ, இந்த ஆடி, ஆவணியிலோ வெட்டினால் பக்கக் கிளைகள் சீக்கிரம் வரும். அப்புறம் இலை வேண்டும்போதெல்லாம் ஈர்க்கோடு பறியுங்கள், பூ வந்தால் அதையும் கிள்ளிவிடுங்கள், பழம் பழுக்கவிட்டால் இலைக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் அங்கே போகும். தொட்டி பதினைந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாது, முழு வெயில் வேண்டும்.

மோர் ஊற்றலாம். நன்றாகப் புளித்ததாக இருக்க வேண்டும், ஒரு டம்ளர் மோருக்கு நாலைந்து டம்ளர் தண்ணீர், மாதம் ஒரு தடவை. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை, அந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் கொழுந்து மஞ்சளாகும், அதற்குப் புளிப்பு கொஞ்சம் உதவும். ஆனால் மோர் உரம் ஆகாது. இரண்டு கைப்பிடி மண்புழு உரமோ மக்கிய சாணமோ மாதாமாதம் போடாமல் மோரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் குச்சி குச்சியாகத்தான் இருக்கும்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறோம். அம்மா ஆசையாக வளர்த்த கறிவேப்பிலை போன குளிர்காலத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. செத்துப்போய்விட்டதா?
வாசகி, கனடா

பதில்: தண்டின் தோலை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிரும் வெளிச்சக் குறைவும் வந்தால் அது இலையைக் கொட்டிவிட்டு உறங்கும். உறங்கும் செடிக்கு வழக்கம்போல் தண்ணீர் ஊற்றுவதுதான் அதைக் கொல்கிறது, ஏனென்றால் குடிக்க இலையே இல்லை, வேர் அழுகிவிடும். குளிர்காலம் முழுக்க மேல் மண் இரண்டு அங்குலம் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் விடுங்கள், உரம் கூடாது. இரவுக் குளிர் 10 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே, அதாவது உங்கள் ஊரில் செப்டம்பர் கடைசிக்குள், தெற்குப் பார்த்த ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், ஹீட்டர் காற்று நேராக அடிக்கும் இடம் வேண்டாம். ஜூனில் வெளியே எடுக்கும்போது ஒரேயடியாக வெயிலில் வைக்காமல் முதல் வாரம் நிழலில் பழக்குங்கள். அம்மாவிடம் சொல்லுங்கள், துளிர்க்கும்.

கேள்வி: எல்லாச் செடியிலும் இலை நுனி கருகுகிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரைத்தான் விடுகிறேன்.
வாசகர், வேளச்சேரி

பதில்: நல்ல எண்ணம்தான், ஆனால் அதுதான் காரணம். உங்கள் குடிநீரிலிருந்து மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்த வெளியேறும் தண்ணீரில்தான் இருக்கிறது. போர் தண்ணீரே உப்பு, அதை இன்னும் கெட்டியாக்கி ஊற்றினால் தொட்டி மண்ணில் உப்பு சேர்ந்துகொண்டே போகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதுதான். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு அரிசி, பருப்பு கழுவிய தண்ணீர், ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர், பிடித்துவைத்த மழைத் தண்ணீர் எல்லாம் நல்லது. ஏற்கெனவே சேர்ந்த உப்பைப் போக்க, நல்ல தண்ணீரைத் தொட்டி நிறைய இரண்டு மூன்று தடவை ஊற்றி அடி ஓட்டை வழியாக ஓடவிடுங்கள். கோகோபீட் என்கிற தேங்காய் நார்க்கழிவுக் கட்டி வாங்கியிருந்தாலும் இதே எச்சரிக்கை உண்டு. கோகோபீட்டில் உப்பு இருக்கும், ஊறவைத்துப் பிழிந்து இரண்டு தடவையாவது தண்ணீர் மாற்றாமல் கலவையில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வாடகை வீடு. மாடியில் தொட்டி வைத்தால் தளம் தாங்காது, ஒழுகும் என்று வீட்டு ஓனர் பயப்படுகிறார். அவருக்கு என்ன சொல்வது?
வாசகர், திருப்பூர்

பதில்: அவர் பயம் நியாயம், அதை மதித்துச் செய்யுங்கள். கட்டட விதி ஐ.எஸ். 875 ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை தாங்கும்படி கணக்குப் போடச் சொல்கிறது, ஆட்கள் புழங்காத கூரைக்கு அதில் பாதிதான். பழைய கட்டடமாக இருந்தால் அதையும் நம்பிவிட முடியாது, ஒரு இன்ஜினியரைப் பார்க்கச் சொல்லிக் கேட்பதுதான் சரி. ஈரமான தோட்ட மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கனக்கும். அதனால் வெறும் மண்ணை நிரப்பாமல், நார்க்கழிவு இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்று கலந்தால் எடை கணிசமாகக் குறையும். பெரிய தொட்டிகளைத் தளத்தின் நடுவில் கூட்டமாக வைக்காமல் சுவர், பீம் இருக்கும் ஓரங்களில் வையுங்கள்.

ஒழுகுவது வேறு விஷயம், அது எடையால் வருவது அல்ல, ஈரம் தங்குவதால் வருவது. தொட்டியையோ செடிப் பையையோ தரையில் நேராக வைத்தால் அடியில் எப்போதும் ஈரம், பாசி, வேரும் ஓட்டை வழியாக இறங்கித் தள ஓட்டின் இடுக்கைத் தேடும். செங்கல்லிலோ இரும்பு ஸ்டாண்டிலோ தூக்கி வைத்துவிட்டால் அடியில் காற்றோடும், பெருக்கவும் முடியும். மூலிகைச் செடிகளுக்குப் பெரிய தொட்டியே தேவையில்லை என்பதையும் ஓனரிடம் சொல்லுங்கள், கறிவேப்பிலையைத் தவிர மற்றதெல்லாம் பால்கனிக் கம்பி ஓரத்திலேயே அடங்கிவிடும்.

கேள்வி: துளசியிலும் செம்பருத்தியிலும் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் அடித்தேன், போய்விட்டுத் திரும்ப வருகிறது.
வாசகி, கோவை

பதில்: மாவுப்பூச்சி. திரும்ப வருவதற்குக் காரணம் எறும்பு. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுத் தேன் மாதிரி ஒரு கழிவை விடும், அதைக் குடிக்க வரும் எறும்புகள் பூச்சியைப் பிடிக்க வரும் எதிரிகளை விரட்டிவிட்டுக் காவல் காக்கும். எறும்பை நிறுத்தாமல் எதை அடித்தாலும் வீண். தொட்டி ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்துங்கள், செடி பக்கத்துச் சுவரையோ இன்னொரு செடியையோ தொடாமல் கத்தரித்துவிடுங்கள். அப்புறம் குழாயில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவி, மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கச் சில சொட்டு காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கமும் கணு இடுக்கும் நனையும்படி வாரம் ஒரு தடவை அடியுங்கள். சாப்பிடுகிற இலை என்றால் அடித்த பிறகு ஒரு வாரம் விட்டு, நன்றாகக் கழுவிப் பறியுங்கள்.

அடிக்கும் முன் ஒன்று கவனியுங்கள். அந்த வெள்ளைப் பஞ்சுகளுக்கு நடுவே, அதே மாதிரி வெள்ளை இழைகளோடு, ஆனால் இரண்டு மடங்கு பெரிதாக, சுறுசுறுப்பாக நடக்கிற ஒன்று தெரிகிறதா? அதைக் கொன்றுவிடாதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழு, வேஷம் போட்டுக்கொண்டு அவற்றுக்குள்ளேயே உலாவும். அது இருந்தால் மருந்தே வேண்டாம், எறும்பை மட்டும் தடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

உங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதையே இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சியை இந்தியாவில் முதலில் கண்டது 2008-இல் கோவையில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டது, விவசாயிகள் அடிக்காத மருந்தில்லை. கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கொசுவைவிடச் சின்னதான ஓர் ஒட்டுண்ணிக் குளவிதான் அதை அடக்கியது. மருந்து அடித்துத் தோற்ற இடத்தில் பூச்சி ஜெயித்தது. அதனால்தான் வீட்டுச் செடிக்குக் கடுமையான மருந்து வாங்காதீர்கள் என்று ஒவ்வொரு மாதமும் மன்றாடுகிறேன்.

கேள்வி: தூதுவளையும் பிரண்டையும் செழிப்பாக வளர்ந்திருக்கின்றன. ஆனால் ஒன்றில் முள், இன்னொன்றில் அரிப்பு. வீட்டில் யாரும் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள். எப்படிச் சமைப்பது?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. பலர் மூலிகைச் செடிகளை வளர்த்துப் படம் எடுப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், அடுப்படிக்குக் கொண்டுவந்தால்தான் அந்தச் செடிக்கும் மரியாதை.

தூதுவளையில் கொழுந்தாகப் பறியுங்கள். இலையைத் திருப்பினால் நடு நரம்பு ஓரமாக வளைந்த முள் வரிசையாகத் தெரியும், கத்திரிக்கோலால் நரம்பை ஒட்டி நறுக்கிவிடலாம், பிஞ்சு இலையில் அதுகூடத் தேவையில்லை, நெய்யில் வதக்கும்போது முள் மசிந்துவிடும். வாணலியில் ஒரு ஸ்பூன் நெய் விட்டு இரண்டு கைப்பிடி இலையைப் போட்டால் நிமிஷத்தில் ஒரு கரண்டி அளவுக்குச் சுருங்கும், பச்சை கொஞ்சம் கறுத்து ஒரு காட்டமான மணம் வரும், அதுதான் பதம். தனியாக உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், நாலு மிளகு வறுத்துக்கொண்டு, புளி, உப்பு, கொஞ்சம் தேங்காய் சேர்த்துத் துவையலாக அரையுங்கள். சூடான சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள், குழந்தைகளுக்குத் துவையல் பிடிக்காவிட்டால் வதக்கிய இலையை அரைத்துத் தோசை மாவில் கலந்துவிடுங்கள். செடியை நடைபாதை ஓரத்தில் வைக்காமல் மூலைச் சுவரில் ஏற்றுங்கள், புடவையைப் பிடித்து இழுக்கும்.

பிரண்டைக்குக் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருங்கள். நுனியிலிருந்து மூன்று நாலு கணு மட்டும் இளசாக இருக்கும், அதை எடுத்துக் கணுவை வெட்டித் தள்ளிவிட்டு, நாலு பக்க ஓரத்திலும் உள்ள நாரை அவரைக்காய்க்கு உரிப்பதுபோல் உரித்து எடுங்கள். அரிப்புக்குக் காரணம் அதிலிருக்கும் ஊசி மாதிரியான கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். எண்ணெயில் பச்சை நிறம் முழுக்கப் போய்ப் பழுப்பாகும் வரை பொறுமையாக வதக்க வேண்டும், அரைகுறையாக வதக்கினால் தொண்டை நமநமவென்று அரிக்கும், அதற்கப்புறம் வீட்டில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். புளியைத் தாராளமாகச் சேருங்கள். வெட்டித் தள்ளிய கணுவைக் குப்பையில் போடாதீர்கள், ஒரு நாள் நிழலில் காயவிட்டு மண்ணில் செருகினால் ஒவ்வொரு கணுவும் ஒரு செடி.

கேள்வி: நாலு மாதக் குழந்தைக்குச் சளி. மாமியார் கற்பூரவல்லிச் சாறு பிழிந்து தேன் கலந்து கொடுக்கச் சொல்கிறார். வீட்டில் வளர்த்த செடிதான், மருந்தே அடிக்கவில்லை. கொடுக்கலாமா?
வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம் அம்மா. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலைத் தவிர, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தவிர, வாயில் ஒரு சொட்டு எதுவும் போகக் கூடாது. தேன் ஒரு வயது வரைக்குமே கூடாது, அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கும். செடி சுத்தமாக இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. காரமான சாறு புரை ஏறினால் நுரையீரலுக்குள் போய்விடும். வசம்பு உரசிக் கொடுப்பதும் நம் வழக்கத்தில் இருக்கிறது, அதையும் செய்யாதீர்கள், வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள்.

மாமியாரிடம் சண்டை போட வேண்டியதில்லை, அவர் பேரப்பிள்ளை மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். அந்த இலையை வீட்டில் பெரியவர்களுக்கு ரசத்தில் போடச் சொல்லுங்கள், கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போடச் சொல்லுங்கள், அவ்வளவு ருசியாக இருக்கும். குழந்தைக்கு அடிக்கடி பால் கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: மாடியில் நிலவேம்பு, கீழாநெல்லி, சீந்தில் மூன்றும் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கஷாயம் வைத்துக் குடித்தால் எந்த நோயும் வராது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எனக்குச் சர்க்கரைக்கு மாத்திரை உண்டு.
வாசகர், நாகர்கோவில்

பதில்: செடிகளை வைத்துக்கொள்ளுங்கள், தினசரிக் கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள்.

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். டெங்கு காலத்தில் அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீர் வெறும் நிலவேம்பு இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து அது, அளவும் நாளும் கணக்கு உண்டு. தொட்டியிலிருந்து ஒரு பிடி பறித்துக் கொதிக்கவைப்பது அந்த மருந்து ஆகாது. கீழாநெல்லியை எடுத்துக்கொண்டால், 1988-இல் சென்னை ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கிக் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கோடு சேர்ந்து, அந்தக் கிருமியைச் சுமந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்திலிருந்து கிருமியின் அடையாளம் மறைந்தது என்று எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. அதனால் மஞ்சள் காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை, எந்தக் காமாலை என்று தெரிய வேண்டும், பித்தக் கல் அடைத்து வரும் காமாலைக்கு எந்த இலையும் ஒன்றும் செய்யாது, நாள்தான் வீணாகும்.

சீந்தில் விஷயத்தில் இன்னும் கவனம். கொரோனா சமயத்தில் எதிர்ப்புச் சக்திக்கு என்று தொடர்ந்து குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவு செய்தார்கள். அதே தோற்றத்தில் தண்டு முழுக்க முண்டு முண்டாக இருக்கும் இன்னொரு கொடியும் சீந்தில் என்று விற்கப்படுகிறது, நர்சரியில் வாங்கியது எது என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. உங்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நிலவேம்பும் சீந்திலும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவை, மாத்திரையும் குறைக்கும், இரண்டும் சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயங்கி விழுவீர்கள்.

மூலிகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மருந்தாகச் சாப்பிட்டால் மருந்துக்குரிய மரியாதையோடு சாப்பிடுங்கள் என்கிறேன். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது, உங்கள் மாத்திரைச் சீட்டையும் ஒரு கிளைச் செடியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். தினமும் சாப்பிட ஆசையாக இருந்தால் நாம் உணவாகவே சாப்பிட்டு வந்தவை எத்தனையோ இருக்கின்றன. முடக்கத்தான் தோசை, மணத்தக்காளிக் கீரைக் கூட்டு, பொன்னாங்கண்ணிப் பொரியல், இதெல்லாம் உங்கள் மாடியில் தொட்டியிலேயே வரும்.

கேள்வி: ஃபிளாட் பால்கனியில் வெயிலே கிடையாது. வெற்றிலை வருமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: கும்பகோணத்திலிருந்து வெற்றிலையைக் கேட்கிறீர்கள்! வரும், வெளிச்சம் இருந்தால் போதும், நேரடி வெயில் அதற்கு வேண்டாம். கொடிக்காலில் அகத்தி நட்டு அதன் நிழலில்தானே ஏற்றுகிறார்கள். மூன்று கணு உள்ள தண்டில் ஒரு கணுவை மண்ணுக்குள் விட்டு நடுங்கள், தேங்காய் நார் சுற்றிய ஒரு கம்பை ஊன்றினால் பற்றி ஏறும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: துளசியில் கதிர் வந்தால் கிள்ளலாமா? பாவம் என்கிறார் பாட்டி.
வாசகர், காஞ்சிபுரம்

பதில்: கிள்ளினால்தான் துளசி நீண்ட நாள் இருக்கும், விதை முற்றவிட்டால் தண்டு கட்டையாகி இலை கொட்டிப்போகும். பாட்டியிடம் கிள்ளிய கதிரைக் கொடுங்கள், பெருமாளுக்குச் சாத்தட்டும். துவாதசியில் பறிக்காத வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த நாள் கிள்ளிக்கொள்ளலாம், ஒரு நாளில் ஒன்றும் ஆகாது.

கேள்வி: வல்லாரையைப் பூச்சாடியில் வளர்க்க முடியுமா? கடையில் வாங்குவதைப் பச்சையாகச் சம்பல் போடப் பயமாக இருக்கிறது.
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: முடியும். பயமும் சரியானதுதான், எந்த வாய்க்கால் ஓரத்தில் பறித்தது என்று தெரியாத இலையைப் பச்சையாகச் சாப்பிடுவதைவிட வீட்டில் வளர்ப்பது எவ்வளவோ நல்லது. ஆழம் குறைந்த, அகலமான சாடி எடுங்கள், அரை நிழலில் வையுங்கள், மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தாலும் வல்லாரைக்குச் சம்மதம். வேரோடு ஓர் ஓடுதண்டை நட்டால் சாடி நிறையப் படர்ந்துவிடும். இலையைக் காம்போடு பறித்துச் சுத்தமான தண்ணீரில் பல தடவை அலசி, சம்பலுக்கு முன்பு மட்டும் மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துப் பிசறுங்கள். தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, கடைசியில் பிழியுங்கள், முன்னாலேயே பிழிந்துவிட்டால் இலை கறுத்துப்போகும்.